தளிகைக்கு உப்புப் போட்டவள்

ஆடி மாதத்தில் என் தலைமேல் ஒரு அண்டா விழுந்தது. அம்மனுக்குக் கூழ் காய்ச்சுவதற்காக, பரண்மேல் கிடந்த பெரிய பித்தளை அண்டாவை இறக்கப் போனேன். ஏணியில் நின்றுகொண்டு வளையத்தைப் பிடித்து இழுத்தேன், அசையவில்லை. எனக்கு எப்போதுமே பொறுமை குறைச்சல். வெடுக்கென்று ஒரு இழுப்பு இழுத்தேன். வந்தது, நேராக என் உச்சந்தலைக்கு. அப்புறம் நடந்ததெல்லாம் மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஏணியோடு சேர்ந்து விழுந்தேனாம். கண்ணைத் திறந்ததும், "அண்டா நசுங்கிப் போச்சா?" என்று கேட்டேனாம். என் மாமியார் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அப்படிச் சிரிக்கிற நிலைமைக்கு வருவதற்குள் எங்கள் வீடு பட்ட பாடு கொஞ்சமில்லை.

அப்போது நாங்கள் விஜயபுரம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருந்தோம். நெல்லும் வேர்க்கடலையும் போடுகிற குடும்பம். மாமனார், மாமியார், என் கணவரின் அண்ணன், அண்ணன் மனைவி என்று எல்லோருக்கும் ஒரே அடுப்பு. அண்ணன் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். என் வீட்டுக்காரர் மட்டும் திருப்பதியில் ஒரு பஸ் கம்பெனியில் டிக்கெட் குமாஸ்தா. லீவு கிடைக்கிறபோது வந்து போவார். எங்களுக்கு ஒரு பெண் குழந்தை, நடை பழகி ஓட ஆரம்பித்திருந்த வயசு. திருப்பதியில் ஒரு அறையும், சமைத்துக்கொள்ள ஒரு தாழ்வாரமும் வாடகைக்குப் பேசியாகிவிட்டது. புரட்டாசி முடிந்ததும் நானும் குழந்தையும் போய்க் குடித்தனம் வைப்பது என்று ஏற்பாடு. கல்யாணமான நாளிலிருந்து நான் காத்துக்கொண்டிருந்தது அதற்குத்தான். அந்த நேரம் பார்த்து இந்த அண்டா.

சித்தூரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஒரு லேடி டாக்டர், தெலுங்கும் தமிழும் கலந்து பேசுகிறவர். கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார், முழங்காலைச் சுத்தியால் தட்டிப் பார்த்தார், என் பெயரையும் ஊரையும் கேட்டார். எல்லாம் சரியாகச் சொன்னேன். இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டபோது மட்டும் முழித்தேன். "எலும்பு உடையலம்மா, பர்வாலேது. உள்ள மூளை கொஞ்சம் குலுங்கிப் போச்சு. மெதுவா சரியாவும்" என்று சொல்லி அனுப்பினார்.

மெதுவாக என்றால் எவ்வளவு மெதுவாக என்று அவர் சொல்லவில்லை. வெயிலில் நின்றால் கண் கூசியது. பாத்திரம் விழுகிற சத்தம் மண்டைக்குள் ஆணி அடித்தது. சொம்பு என்று சொல்ல வாயெடுத்தால் வார்த்தை வராது. "அது, அந்தத் தண்ணி குடிக்கிறது" என்று கையைக் காட்டுவேன். ஒரு வேலையை ஆரம்பித்து நடுவில் நின்றுவிடுவேன். அரிசி களைய உட்கார்ந்து, தண்ணீரைப் பார்த்துக்கொண்டு அப்படியே இருப்பேன். யாராவது கேட்டால் கோபம் பொத்துக்கொண்டு வரும். வெளியே பார்த்தால் கை கால் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, அதனாலேயே கோபம் இன்னும் அதிகமாக வந்தது.

ஊரில் ஆண்களுக்கு அப்போது வேறு கவலை. ஆந்திர ராஜ்யம் தனியாகப் போய்ச் சில வருஷம் ஆகியிருந்தது. எல்லையை எங்கே போடுவது, எந்தக் கிராமம் மதராசோடு சேரும், எது ஆந்திராவிலேயே நிற்கும் என்று பஸ் நிற்கிற இடத்தில் எந்த நேரமும் பேச்சு. மாமனார் மனுக் கொடுக்கப் போகிறவர்களோடு சேர்ந்து புத்தூருக்கும் சித்தூருக்கும் அலைந்துகொண்டிருந்தார். நடந்தே போய் வருகிற தூரத்தில் இருந்த என் அம்மா வீடு மதராசுக்குப் போய்விடும், நாங்கள் இங்கேயே இருப்போம் என்று சொன்னார்கள். "உங்க அம்மா ஊட்டுக்குப் போறதுன்னா இனிமே வேற ராஜ்யத்துக்குப் போவணும்மா" என்று மாமனார் கேலி செய்வார். நான் எந்தப் பக்கம் போவேன், திருப்பதிக்கா, எங்குமே இல்லையா என்பதுதான் எனக்கு முக்கியமாக இருந்தது.

ஆவணியில் ஒருநாள் தாளிக்க எண்ணெய் வைத்தேன். கறிவேப்பிலை பறிக்கப் புழக்கடைக்குப் போனேன். மரத்தடிக்குப் போய் நின்றதும் எதற்கு வந்தோம் என்று மறந்துவிட்டது. காற்று நன்றாக வந்தது, நின்றேன். உள்ளே மாமியார் போட்ட கூச்சலில்தான் திரும்பினேன். அடுப்பறை முழுக்கப் புகை. எண்ணெய்ச் சட்டி தீப்பிடிக்கிற மாதிரி காய்ந்துகொண்டிருந்தது. என் குழந்தை அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தாள். மாமியார் அவளைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன்.

அன்றைக்குச் சாயந்திரமே தீர்ப்பு வந்துவிட்டது. "அவன் வேணும்னா திருப்பதியிலேயே ஓட்டல்ல துன்னுக்கட்டும். இல்ல, இவ போயி அவனுக்குச் சோறாக்கட்டும். ஆனா பிள்ள எங்கிட்டதான் இருக்கும். பகல்ல இவளும் பிள்ளையும் அடுப்பும் தனியா இருந்தா, என்னா ஆவும்?" இதுதான் மாமியார் சொன்னது. அவர் சொன்னதில் தப்பு இல்லை என்று எனக்கும் தெரிந்தது. அதுதான் என்னை அறுத்தது. பிள்ளையை விட்டுவிட்டுப் போக என்னால் முடியாது. புருஷனை விட்டுவிட்டு இங்கேயே கிடக்கவும் மனசில்லை.

மாமியாரோடு திரும்பவும் டாக்டரிடம் போனபோது எல்லாவற்றையும் கொட்டினேன். அடுப்புப் பக்கமே போகாதே என்று சொல்வார் என்று மாமியார் எதிர்பார்த்தார். டாக்டர் வேறு மாதிரி சொன்னார். "சும்மா படுத்துக்கினு இருந்தா மூளை சோம்பேறி ஆயிடும். சமையல் பண்ணு. ஒரு நாளைக்கு ஒரே ஒரு பதார்த்தம். ஆரம்பிச்சா முடிக்கணும், நடுவுல வேற எதையும் தொடக் கூடாது. பக்கத்துல ஒருத்தர் உக்காந்துக்கினு இருக்கட்டும், ஆனா கை வெக்கக் கூடாது." மாமியார் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

நான் களியைத் தேர்ந்தெடுத்தேன். கேழ்வரகுக் களி எங்கள் வீட்டில் தினமும் உண்டு, அதை ஏமாற்றிச் செய்ய முடியாது. தண்ணீர் கொதிக்க வேண்டும், நொய் போட்டு வெந்து குழைய வேண்டும், மாவைக் கொட்டிக் கிளறாமல் விட வேண்டும், அப்புறம் இறக்கிவைத்துப் பானையைக் காலால் அணைத்துப் பிடித்துக்கொண்டு துடுப்பால் கிளற வேண்டும். ஒன்று முன்னே பின்னே போனாலும் கட்டி தட்டிவிடும். முதல் தடவை அப்படித்தான் ஆயிற்று. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து சேலை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். "சிரிக்காத அக்கா, துடுப்பாலயே ஒண்ணு போட்டுடுவேன்" என்றேன். அவள் இன்னும் சிரித்தாள். எருமைக்குத்தான் போட்டோம் அந்தக் களியை.

கோபத்தில்தான் எனக்கு வழி தெரிந்தது. செய்கிற ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்ல ஆரம்பித்தேன். "தண்ணி கொதிச்சாச்சு. நொய் போட்டாச்சு. உப்பு போட்டாச்சு." சொன்னால் காதில் விழும், காதில் விழுந்தால் நிற்கும். வாசலில் இருந்து மாமனார், "ஆமாம்மா, போட்டாச்சு!" என்று பதில் குரல் கொடுப்பார். தெருவில் போகிறவர்கள் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள், நினைக்கட்டும். சந்தேகம் வந்தால் ஒரு சொட்டுக் கையில் விட்டு நக்கிப் பார்ப்பேன். களி திரண்டு வந்தது. அப்புறம் கீரை கடைந்தேன். அப்புறம் வேர்க்கடலைச் சட்னி அரைத்தேன். ஒருநாள் களியும் கீரையும் சேர்த்துச் செய்தேன், இரண்டும் சரியாக வந்தது. தலைவலி குறைந்தது. சொம்பைச் சொம்பு என்று சொன்னேன். துடுப்பைச் சுற்றச் சுற்ற மண்டைக்குள் எதுவோ இடத்தில் வந்து உட்காருகிற மாதிரி இருந்தது. எனக்கு நன்றாகத் தெரிந்தது, நான் தேறிக்கொண்டிருக்கிறேன் என்று.

என் வீட்டுக்காரர் லீவில் வந்தபோது இதையெல்லாம் சொன்னேன். "எனக்குத் தெரியாதா உன்னப் பத்தி? நீ பிள்ளய இட்டுக்கினு வா. யார் நம்பலனாலும் நான் நம்புறேன்" என்றார். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் பல நாள் ஓட்டினேன்.

மாமியார் அவ்வளவு லேசில் மசிகிறவர் இல்லை. ஆனால் நியாயஸ்தர். "சரி, புரட்டாசி சனிக்கிழம தளிகைய அவளே பண்ணட்டும். தனியா. ஒழுங்கா பண்ணிட்டான்னா பிள்ளய இட்டுக்கினு போவட்டும், நான் ஒண்ணும் சொல்லல. சொதப்பிட்டான்னா பிள்ள இங்கதான்" என்றார். நான் சரி என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது.

எங்கள் பக்கம் புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை பெருமாளுக்குத் தளிகை போடாத வீடு கிடையாது. நாமம் போட்ட சொம்போடு நாலு வீட்டுக்குப் போய் "கோவிந்தா" சொல்லி அரிசி வாங்கி வந்து, அதையும் சேர்த்துப் பொங்கி, புளிசோறு, வடை, சுண்டல், காயெல்லாம் போட்ட குழம்பு, சர்க்கரைப் பொங்கல் எல்லாம் இலையில் படைப்பது. படைத்துக் கற்பூரம் காட்டுகிற வரைக்கும் ஒரு பருக்கை வாயில் வைக்கக் கூடாது. ருசி பார்க்கக் கூடாது. எச்சில் தெறிக்கக் கூடாது என்பதால், சமைக்கிறவள் வாயில் துணி கட்டிக்கொண்டு, பேசாமல் சமைக்க வேண்டும். எனக்கு இருந்ததே இரண்டு துணை, வாயும் நாக்கும். இரண்டையும் பெருமாள் பிடுங்கிக்கொண்டார்.

விடுவேனா? இரண்டு நாள் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். அடுப்பு மூட்டுவதற்கு முன்னால், ஒவ்வொரு பானைக்கும் பக்கத்தில் ஒரு கொட்டாங்கச்சி. அதில் அந்தப் பானைக்கு வேண்டிய கல்லுப்பு. உப்பைப் பானையில் போட்டதும் கொட்டாங்கச்சியைக் கவிழ்த்து வைத்துவிட வேண்டும். நிமிர்ந்திருந்தால் போடவில்லை, கவிழ்ந்திருந்தால் போட்டாச்சு. உப்பு ஜாடியைத் தட்டுப் போட்டு மூடி, மூலையில் வைத்துவிட்டேன். அதைத் தொடவே வேண்டியதில்லை. இந்தக் கணக்கை நான் யாருக்கும் சொல்லவில்லை.

புரட்டாசி மாதத்தில் திருப்பதி பஸ் கம்பெனியில் சனிக்கிழமை லீவு கேட்டால் அடிக்க வருவார்கள். அத்தனை கூட்டம் மலைக்கு. எப்படியோ கெஞ்சிக் கூத்தாடி என் வீட்டுக்காரர் வந்துவிட்டார். காலையில் குழந்தைக்கு நாமம் போட்டு, கையில் சொம்பைக் கொடுத்து, தெருவில் கூட்டிக்கொண்டு போனார். அவள் "கோயிந்தா" என்று கத்தியது அடுப்பறை வரைக்கும் கேட்டது. நான் வாயில் துணியைக் கட்டிக்கொண்டு ஆரம்பித்தேன்.

நன்றாக நடந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். மனசு ஒரே நிலையில் இருந்தது. ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாகக் கைக்கு வந்தது. குழம்புக்கு உப்புப் போட்டேன், கவிழ்த்தேன். சுண்டலுக்குப் போட்டேன், கவிழ்த்தேன். குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும்போது வாழையிலை அறுக்கவும் தண்ணீர் சேந்தவும் புழக்கடைக்கு இரண்டு மூன்று தடவை போய் வந்தேன். போன காரியத்தை ஒரு தடவைகூட மறக்கவில்லை. உச்சிவேளைக்குள் எல்லாம் முடிந்தது. படைத்தோம், கோவிந்தா போட்டோம், பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு இலை போட்டோம்.

குழம்பை ஊற்றிப் பிசைந்து முதல் கவளம் வாயில் வைத்ததும் பந்தியில் எல்லோர் கையும் அப்படியே நின்றது. பிரசாதத்தைக் குறை சொல்லக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதனால் யாரும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் சொம்பு சொம்பாகத் தண்ணீர் போனது. பக்கத்து வீட்டுக்காரர் ஒரு கவளத்துக்கு ஒரு டம்ளர் குடித்தார். "பேஷா கீது" என்றார், கண்ணில் தண்ணீர் நின்றது. என் குழந்தைக்கு வழக்கமெல்லாம் தெரியாது. "த்தூ" என்று துப்பிவிட்டு, "கரிக்குது" என்று அழுதாள்.

நான் கொஞ்சம் எடுத்து வாயில் வைத்துப் பார்த்தேன். ஐயோ, உப்பளமேதான்!

விருந்தாளிகள் போனார்கள். வீட்டு மனுஷர்கள் மட்டும் அடுப்பறையில் நின்றோம். மாமியார் மெதுவாக, "பரவால்லம்மா. உன் மேல தப்பு இல்ல. தல இன்னும் சரியாவல. பிள்ள இங்க இருக்கட்டும்" என்றார். குரலில் கோபமே இல்லை. ஒருவேளை இரண்டு தடவை போட்டுவிட்டேனோ? போட்டதை மறந்து திரும்பவும் போட்டேனோ? ஒரு நிமிஷம் என் தலையை நானே நம்பவில்லை. அதைப் போல ஒரு பயம் எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

பிறகு அடுப்பைப் பார்த்தேன். குழம்புப் பானைக்குப் பக்கத்தில் கொட்டாங்கச்சி கவிழ்ந்து கிடந்தது. மூலையில் உப்பு ஜாடியைப் பார்த்தேன். தட்டு கீழே கிடந்தது.

"நான் ஒரே தடவதான் போட்டேன்" என்றேன். "இந்த ஜாடிய நான் மூடி வெச்சேன். யார் தொறந்தது?"

மாமனார்தான் கனைத்துக்கொண்டு, "நான் தொடலம்மா. சத்தியமா தொடல. ஒருவேள நீ மறந்திருந்தா ஒரு கை போடலாம்னு வந்தேன். பெரியவ ஜாடியாண்ட நின்னுக்கினு இருந்தா. சரி, அவ பாத்துக்குவான்னு திரும்பிட்டேன்" என்றார்.

எல்லோரும் அக்காவைப் பார்த்தோம். அவள் முகம் சிவந்துவிட்டது. "என்ன ஏன் பாக்கறீங்க? அத்ததான் காலையிலயே சொல்லிச்சு, அவ மறந்துடுவா, ஒரு கண்ணு வெச்சுக்கோன்னு!"

"கண்ணு வெக்கத்தானேடி சொன்னேன்? கைய வெக்கவா சொன்னேன்?" என்று மாமியார் எகிறினார். "நான்தான் போட்டுட்டனே!"

சொல்லி முடித்ததும் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார். மாமனார் சிரிக்க ஆரம்பித்தார். அக்கா சிரித்தாள். ருசி பார்க்க முடியாத குழம்பில், ஒருத்தர் போட்டது ஒருத்தருக்குத் தெரியாமல், எனக்காகப் பரிதாபப்பட்டு ஆளுக்கு ஒரு கை உப்பு! எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. வேட்டி நுனியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நீங்களுமா?" என்றேன்.

"நீ தண்ணி சேந்தப் போனப்போ" என்றார். "சொதப்பிடப் போவுதேன்னு பயமா இருந்துச்சு. நீ பிள்ளய உட்டுட்டு வரணுமேன்னு. அதான்."

சிரிப்பு நின்றுவிட்டது. மாமியார் போட்டது எனக்கு வலிக்கவில்லை. அக்கா போட்டதும் வலிக்கவில்லை. இவர் போட்டது வலித்தது. யார் நம்பாவிட்டாலும் நான் நம்புகிறேன் என்று சொன்ன வாய்தானே! அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அண்டா விழுந்தபோதுகூட அப்படி அழவில்லை. மாமியார்தான் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, முந்தானையால் என் முகத்தைத் துடைத்தார்.

"அழாதடி. இந்த ஊட்ல இத்தினி பேர் கீறோம், எல்லாருக்கும் தல நல்லாத்தான் கீது. சரியா உப்பு போட்டது நீ ஒருத்திதான். பிள்ளய இட்டுக்கினு போ" என்றார்.

மற்றவர்களிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரரிடம் மட்டும் பஸ் ஏறும்போது சொன்னேன். "திருப்பதியில என் அடுப்பாண்ட உங்க கை வரக் கூடாது. பயமா இருந்தா எங்கிட்ட வாயால சொல்லுங்க. நான் பதில் சொல்றேன்." அவர் தலையாட்டினார். குழந்தை என் மடியில் புத்தூர் வருவதற்குள் தூங்கிவிட்டாள்.

எங்கள் ஊர் ஆந்திராவிலேயே நின்றது. அம்மா ஊர் மதராசுக்குப் போயிற்று. அதெல்லாம் பிற்பாடு. திருப்பதியில் முதல் நாள் காலை, அவர் வேலைக்குக் கிளம்பிச் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசற்படியில் நின்றார். அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. குழந்தை அறைக்குள் உட்கார்ந்து புளியங்கொட்டையை வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். அவர் அடுப்பைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பயமா கீதா?" என்று கேட்டேன்.

"கொஞ்சம்" என்றார்.

"எனக்கு இல்ல. போயிட்டு வாங்க."

அவர் படியிறங்கிப் போனார். தெருமுனை திரும்புகிற வரைக்கும் நான் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு தடவைகூட அவர் திரும்பிப் பார்க்கவில்லை.